ஸ்கேன் நார்மல்; பையன்?

காசிமேட்டுச் சந்தில் சாயங்காலக் கிரிக்கெட். கேட்ச் பிடிக்கப் பின்னால் ஓடிய பையன், சிமென்ட் திண்ணையில் பின்மண்டை மோதி விழுகிறான். வீங்கிய இடத்தில் ஆயா சர்க்கரையை வைத்து அழுத்துகிறார். "தூங்கவிடாதீங்க" என்று பக்கத்து வீட்டுக் குரல். அவனோ அடுத்த ஓவர் தன்னுடையது என்று எழுந்து நிற்கிறான்.

அந்த ஓவரை அவன் வீசக் கூடாது.

2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது சாக்கரி லிஸ்டெட், தலையில் அடிபட்ட அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கி, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்குப் போராடினான். தலையில் அடிபட்ட சிறுவர்கள் மருத்துவர் எழுதித் தராமல் களத்துக்குத் திரும்பக் கூடாது என்று 2009-ல் அங்கே சட்டம் வந்தது. குத்துச்சண்டையும் கால்பந்தும் ஊறிய வட சென்னையில் ஒவ்வொரு கோச்சும் இதை அறிந்திருக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்பினாலும் எழாத மயக்கம், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர்: ஒன்று தெரிந்தாலும் உடனே 108. ராயபுரத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரம்; எண்ணூர்க்காரர்கள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வர வேண்டும் என்பதால், பொறுத்துப் பார்க்காமல் கிளம்பிவிடுவதே நல்லது.

ஏமாற்றுவது ஸ்கேன்தான். அடியால் வரும் மூளை அதிர்வு (கன்கஷன்) சி.டி. ஸ்கேனில் தெரியாது. ரிப்போர்ட் நார்மல் என்றதும் மறுநாளே டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு வேண்டும், செல்போனைக் குறைக்க வேண்டும். டாக்டர் பார்த்துச் சரி என்றபின் தாராளமாகத் தூங்கட்டும். பிறகு மெல்லப் பள்ளி, கடைசியில்தான் மைதானம். வெளிச்சம் கூசுகிறது, படித்தால் தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு அல்ல. அன்றே அம்மாவோ அப்பாவோ கிளாஸ் டீச்சரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.