கொப்பரைக்குக் களம் மாத்திரம் போதுமா?

தென்னை பயிரிடும் குடியானவர்களில் பலர், காய் நன்றாய் விளைந்து இறங்கிவிட்டால் தம் வேலை முடிந்துவிட்டதென்று எண்ணுகிறார்கள். கொப்பரையின் தரம் மரத்தில் பாதியும் உலர்த்துமிடத்தில் பாதியுமாகவே அமைகின்றது என்பது அடியேனுடைய அபிப்பிராயம். ஐப்பசி மழையில் பூஞ்சணம் பூத்த கொப்பரையைக் களத்தில் புரட்டிப் புரட்டி ஏக்கத்துடன் வானத்தைப் பார்த்து நின்ற குடியானவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களை முன்னிட்டே இதை எழுதத் துணிந்தேன்.

உடைத்த தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறையப் பாதி நீரே. சேமித்து வைக்கத்தக்க கொப்பரையிலோ ஈரம் 6 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது. ஆகவே 100 கிலோ பருப்பிலிருந்து சுமார் 47 கிலோ நீரைப் போக்கினால்தான் 53 கிலோ நல்ல கொப்பரை கிடைக்கும். இந்நீரைப் போக்கும் முறைகள் முக்கியமாய் மூன்று.

முதலாவது, வெயில் களம். செலவில்லாதது, நல்ல வெயிலில் ஒரு வாரத்தில் காரியம் முடியும். மேகம் மூடினாலோ இரண்டொரு நாளில் பூஞ்சணம் பற்றிவிடும். அவற்றுள் சில வகை, அப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1960-இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் புண்ணாக்குக் கலந்த தீவனத்தைத் தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மடிந்தபோதுதான் இந்நஞ்சு வெளிப்பட்டது. பூஞ்சணக் கொப்பரையின் புண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு இட்டால் நஞ்சு பாலிலும் இறங்கும். கந்தகப் புகை போடுவது பருப்பை வெளுப்பாக்குமேயன்றி அதன் ஈரத்தைப் போக்காது.

இரண்டாவது, புகைச் சூளை. தட்டியின்மேல் பருப்பைப் பரப்பி, கீழே மட்டையை எரிப்பது. மழையிலும் உலரும், ஆனால் புகை பருப்பில் படிந்து, எண்ணெய் கறுத்து நாற்றமடிக்கும். அப்புகையில் புற்றுநோய்க்கு ஏதுவான பொருள்களும் உண்டு. இலங்கையில் இதனை உணர்ந்தே மட்டையை விலக்கி, கொட்டாங்கச்சிகளை ஒன்றினுள் ஒன்றாய் வரிசையாக அடுக்கி, புகை குறைவாக எரியும்படி செய்கிறார்கள்.

மூன்றாவது, வெப்பக் காற்றுச் சூளை. இதில் நெருப்பு இரும்புக் கூண்டுக்குள் எரியும். புகை குழாய் வழியே வெளியேறிவிடும். கூண்டைச் சுற்றிச் சூடேறிய சுத்தமான காற்று மாத்திரம் மேலெழுந்து பருப்பினூடே செல்லும். 1916-இல் சென்னை மாகாண அரசாங்கம் காசர்கோட்டில் ஆரம்பித்த தென்னை ஆராய்ச்சிப் பண்ணையின் வழிவந்த நிலையம், கொட்டாங்கச்சியால் எரியும் இத்தகைய சூளையை அமைத்துத் தந்திருக்கிறது. உஷ்ணம் 60 முதல் 70 டிகிரி வரை இருத்தல் நலம். 80-ஐத் தாண்டினால் மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கும். அளவறிந்து எரித்தால் ஏறக்குறைய ஒரு பகலும் ஓரிரவும் போதும்.

கொட்டாங்கச்சி கரிக்கு நல்ல விலை போகிறதே, அதை எரிப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வருஷம் முழுவதும் எரிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வெயிலுள்ள மாதங்களில் களமே போதும். அடைமழை நாட்களில் மாத்திரம் சூளையை நாடலாம். எரிபொருளின் விலையையும், பூஞ்சணம் பிடித்த கொப்பரைக்கு வியாபாரி குறைக்கும் விலையையும் ஒரு பருவத்துக்காவது ஏட்டில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

சூளை கட்டும் முதல் சிறு குடியானவருக்குப் பாரமே. ஆதலால் தனித்தனியே கட்டுவதைவிட, பத்துப் பேர் கூடிப் பொதுவில் ஒன்று அமைத்து முறைவைத்து உலர்த்துவதே உசிதம். கிராம அதிகாரிகள், கூரை வீடுகளுக்கும் வைக்கோற்போருக்கும் எட்டத்தில் தக்க இடத்தைக் காட்டி, கூட்டுறவுச் சங்கத்தாரையும் கலந்து ஏற்பாடு செய்வார்களானால் பேருதவியாகும்.

மழை தொடங்கியபின் சூளைக்குக் கல் தேடுவது பிரயோஜனமற்றது. புரட்டாசிக்குள் வேலையை முடித்துக்கொள்ளும்படி குடியானவர்களை வேண்டிக்கொள்கிறேன்.