சேதனப் பசளை: யார் செலவில்?

சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டதும் நகைப்பது இன்று நமது நாட்டிற் படித்தவரிடையே வழக்கமாகிவிட்டது. 2021ஆம் ஆண்டு நடந்ததைச் சுட்டிக்காட்டி, "மண்ணைக் காக்கப் போனவர்கள் மக்களைப் பட்டினி போட்டார்கள்" என்று வழக்கை முடித்துவிடுகின்றனர். ஆசிரியர் ஓய்வறைகளிலும் இத்தீர்ப்பையே கேட்கிறோம். இதனை நாம் ஏற்கவில்லை. அவ்வாண்டிற் சேதன விவசாயம் பரீட்சிக்கப்படவே இல்லை. பணமும் காலமும் ஒதுக்காமல், கையெழுத்தொன்றினாலேயே உற்பத்தி முறையை மாற்றிவிடலாம் என்றெண்ணிய அதிகாரமே பரீட்சிக்கப்பட்டது, அதுவே தோற்றது.

நடந்தவற்றை நினைவு கூர்வோம். 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனம், பத்தாண்டுகளில் நாட்டைச் சேதன விவசாயத்துக்கு மாற்றுவதாக வாக்களித்தது. 2021 மே மாதம் 6ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல் அந்தப் பத்தாண்டை ஓர் இரவாகச் சுருக்கியது. இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது. மக்கள் உடல்நலமே காரணமெனச் சொல்லப்பட்டது. இராசரட்டைக் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய் பற்றிய கவலை மெய்யானதே. அதன் காரணம் ஐயத்துக்கிடமின்றி இன்னும் நிறுவப்படவில்லை என்பதும் மெய். ஆயின், பசளை இறக்குமதிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 400 மில்லியன் டொலர் செல்கிறதென்பதை அரசாங்கமே அக்காலத்திற் கூறிற்று. திறைசேரியில் டொலர் வற்றிக்கொண்டிருந்த காலம் அது. மண்ணின் மேல் திடீரெனப் பிறந்த காதலின் ஊற்று எங்கிருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஐம்பது கிலோ மூடையொன்றில் 23 கிலோ உண்டு. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே இருக்கும். அதிலும் ஒரு பகுதிதான் முதற் போகத்திற் பயிருக்குக் கிடைக்கும். ஆகவே ஒரு மூடை யூரியாவை ஈடுசெய்ய ஒன்று முதல் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். நீர்ப்பாய்ச்சி விளைவிக்கும் நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மூடை யூரியா இடுவதே வழக்கம். அவ்வளவு கூட்டெருவுக்கும் குழை வெட்ட வேண்டும், சாணம் சேர்க்க வேண்டும், குவிக்க வேண்டும், புரட்ட வேண்டும், வண்டியேற்ற வேண்டும், பரவ வேண்டும். மூடையை ஒருவன் தோளிற் சுமந்து போய் ஒரு காலைப் பொழுதில் வீசி முடிப்பான். கூட்டெருவோ பல நாட் கூலி. அக்கூலி வேலையிற் பெரும்பகுதி பெண்கள் தலையில் விழுவது. ஆணுக்குக் கொடுக்கும் நாட்கூலி அவர்களுக்குக் கொடுக்கப்படுவதுமில்லை. யூரியாவின் விலை மூடையில் அச்சிடப்பட்டிருக்கிறது. கூட்டெருவின் விலை உழைப்பாளியின் முதுகில் எழுதப்பட்டிருப்பதால் திட்டமிடுவோர் கண்ணில் அது படவில்லை.

சொந்தமாகப் பசளை செய்வோர்க்குச் சிறு தொகையொன்று அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பெரும் பணம் போன வழி வேறு. சீனக் கம்பனியொன்றிடம் 99,000 தொன் சேதனப் பசளைக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. மாதிரியில் தீங்கு பயக்கும் பற்றீரியா உண்டென எமது தாவரத் தடுப்புக்காப்புச் சேவை அறிவித்தது, கம்பனி மறுத்தது. ஹிப்போ ஸ்பிரிட் என்னும் கப்பல் சரக்கோடு நமது கடலைச் சுற்றித் திரிந்தது. இறுதியில் 2022 சனவரியில், ஒரு பிடி பசளையும் கரையிறங்காமலே 65 இலட்சம் டொலருக்கு மேற் செலுத்தப்பட்டது. வடக்கே பனையோலையும் பூவரசங் குழையும் வேலியோரம் கிடந்து உக்க, எருவைக் கடல் கடந்து வாங்கப் போன விவேகத்தை வருங்கால மாணவர் நம்ப மறுப்பர்.

2021 நவம்பரில் தடை நீங்கியது. மானியம் உடன் திரும்பவில்லை. 2022இற் கள்ளச் சந்தையில் யூரியா மூடையொன்று 40,000 ரூபா வரை விலைபோயிற்று. 2021இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல் 2022இல் ஏறத்தாழ 34 இலட்சமாக வீழ்ந்தது. ஏழு இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்குமதியாயிற்று. பசளையில் மிச்சம் பிடிக்கப் புறப்பட்ட டொலர் அரிசிக் கப்பலில் ஏறிப் போயிற்று.

எமது மாணவன் ஒருவனின் தந்தையார் வன்னியில் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். அந்தக் காலபோகத்தில் மனைவியின் சங்கிலியை அடைவு வைத்து உழுது விதைத்தார். பயிர் மஞ்சளித்து நின்றது. குத்தகை நெல்லை அளந்த பின் வீட்டுக்கு வந்தது சில மூடைகளே. இழப்பீடு பற்றிய அறிவித்தலைக் கேட்டுக் கமநல சேவை நிலையத்துக்குப் போனவருக்கு, இடாப்பில் இருப்பது காணிக்காரர் பெயரே என்ற விடை கிடைத்தது. மகன் இரண்டு மாதம் பள்ளிக்கு வரவில்லை. இடாப்பில் ஏன் பெயரைப் பதியவில்லை என்று நாம் கேட்டோம். "பதியச் சொன்னா அடுத்த போகம் காணி தரமாட்டினம், சேர்" என்றார்.

இங்கேதான் விடயத்தின் வேர் கிடக்கிறது. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்கு உரிமை வழங்க முயன்றது. அவ்வுரிமைக்கு அஞ்சிய காணிக்காரர், அவன் பெயர் ஏட்டில் ஏறாதவாறு பார்த்துக்கொண்டனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வச்சம் மறையவில்லை. ஆகவே அரசாங்கம் ஏக்கர்க் கணக்கிற் கொடுக்கும் எந்த உதவியும், பச்சையோ இரசாயனமோ, உழுபவனைத் தாண்டி உடையவனிடம் போய்ச் சேரும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆண்டுக்காண்டு குத்தகை மாறும் மண்ணில் எவன் எருவிட்டு வளம் சேர்ப்பான்? அடுத்த போகம் வேறொருவன் அறுக்கப் போகும் வளத்துக்கு அவன் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

கமக்காரன் பேராசையால் மண்ணை நஞ்சாக்கினான் என்று நீதி சொல்வோருக்கும் ஒரு வார்த்தை. 1962இற் பசளை மானியத்தைத் தொடங்கியது அரசு. 2005இன் பின் நெற்செய்கைக்கு மூடை 350 ரூபாவாகக் கொடுத்ததும் அரசே. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்தான் நீரிறைக்கும் இயந்திரமும் பசளையுமாகத் தோட்டத்தைப் பெருக்கினான். 1977இன் பின் இறக்குமதிக் கதவு திறந்ததும் சந்தை அவன் தலையில் இடிந்தது. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய செம்மண் படிந்த குடாநாட்டில், மேலே இட்டது கீழே கிணற்றுக்கே போகும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என வகுத்த நைத்திரேற்று எல்லையைத் தாண்டிய கிணறுகள் இன்று பல. மலக்குழிகளுக்கும் இதிற் பங்குண்டு. ஆனால் விலையாலும் மானியத்தாலும் அரசு காட்டிய வழியிலேயே கமக்காரன் நடந்தான் என்பதை மறைக்கலாகாது.

மறுபுறம், மூதாதையர் பசளையின்றியே பொன் விளைத்தனர் என மேடையில் முழங்கும் தமிழன்பர்கள். பிடியெருவும் வேண்டாம் என்ற கருத்துடைய குறளை எடுத்தாளும் இவர்கள், அதனை அடுத்த குறளே உழவிலும் எருவை மேலாக வைப்பதை வசதியாக மறந்துவிடுகின்றனர். பசளையின்றிக் கமஞ்செய்தல் வடக்குக்குப் புதியதுமன்று. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியிருந்தது. அப்போது குழையும் சாணமும் பட்டியடைத்தலும் கைகொடுத்தன. 2002இற் பாதை திறந்ததும் மூடைகள் திரும்பின. கட்டாயத்தாற் கற்ற பாடம் கட்டாயம் நீங்கியதும் மறைந்தது. அதைப் பேண ஒருவரும் ஒரு சதமும் செலவிடவில்லை.

இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003இல் இம்முடிவை எடுத்து, இரசாயனத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016இலேயே தன்னை முழுமையான சேதன மாநிலமென அறிவித்தது. ஏறத்தாழ 75,000 ஹெக்டேயருக்கே பதின்மூன்று ஆண்டு. அங்கும் அரிசியிற் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. அதனைச் சொர்க்கமென்று நாம் கூறவில்லை.

2024இல் நெற்செய்கைக்கான பசளை மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ஆக உயர்த்தப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் இதிலும் மண்ணுக்கென ஒரு சதம் தனியாக வைக்கப்படவில்லை. குழை தாழ்த்தும் கூலிக்கும், கிராமந்தோறும் கூட்டெரு செய்யும் பெண்கள் சங்கங்களுக்கும் அரசு பணம் கொடுக்கட்டும். மாறுகின்ற முதற் சில ஆண்டுகளில் விளைச்சல் குறையும். அக்குறையை அரசு ஏற்கட்டும். உழுபவன் பெயரை, காணிக்காரன் ஒப்பம் கேளாமல், அயலவர் சாட்சியத்தோடு இடாப்பில் ஏற்றட்டும். இவையின்றி யூரியாவைக் குறைக்கச் சொல்வது 2021ஐ மெதுவாகச் செய்வதேயாகும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கரையிறங்காத கப்பலுக்கு எங்கிருந்து வந்ததோ, அங்கே முதலிற் தேடட்டும்.