முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள்

அரசர் வாழ்ந்த மாளிகைகளையும் அந்நியர் கட்டிய கோட்டைகளையும் காண நெடுந்தூரம் செல்வோர் பலர். ஏழைத் தொழிலாளி ஒருவன் குடியிருந்த சிறு வீட்டைக் கட்டணங் கொடுத்துப் பார்ப்போரும் உளர் என்றால் நம்மிற் சிலருக்கு நகைப்பே தோன்றும். ஆயினும் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே அத்தகைய வீட்டுத்தொகுதி ஒன்று மரபுரிமைக் கட்டடமாகப் பேணப்பட்டு வருகின்றது. 'பதினைந்தாம் முற்றம்' என்பது அதன் பெயர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பேர்மிங்காம் உலோகத் தொழில்களாற் பெருகிய நகரம். பொத்தான், பூட்டு, ஊசி, துப்பாக்கி முதலிய நூற்றுக்கணக்கான பொருள்கள் அங்கு ஆக்கப்பட்டன. தொழில் தேடி மக்கள் வந்து குவிந்தனர். அவர்களைக் குடியிருத்த நிலமோ சுருக்கம். அவர்கள் கொடுக்கவல்ல வாடகையோ அதனினும் சுருக்கம். இவ்விரு சுருக்கங்களுக்கும் கட்டடகாரர் கண்ட விடையே முதுகோடு முதுகு ஒட்டிய வீடு.

அதன் அமைப்பை மாணவர்கள் தாளிலே வரைந்து பார்த்தல் நன்று. ஒரு கூரையின்கீழ் இரண்டு வீடுகள். நடுவே நெடுகச் செல்லும் ஒரு சுவர் இரண்டுக்கும் பொதுவான முதுகு. ஒரு வீடு தெருவை நோக்கும். மற்றையது உள்ளே இருக்கும் முற்றத்தை நோக்கும். பக்கச் சுவர்களும் அயல் வீடுகளோடு ஒட்டியவை. ஆகவே நான்கு புறத்தில் ஒரு புறத்திலேதான் கதவும் யன்னலும் வைக்க இயலும். பின்கதவு இல்லை, காற்று ஊடுருவிச் செல்ல வழி இல்லை. அகலத்திற் குறைந்ததை உயரத்தில் ஈடு செய்தனர். கீழே ஓர் அறை, அதன்மேல் ஓர் அறை, அதற்கும் மேல் ஓர் அறை. மூன்றையும் இணைப்பது ஒடுங்கிச் சுழன்று ஏறும் ஒரு படிக்கட்டு. கீழறையில் நிலக்கரி அடுப்பு. சமையலும் உணவும் உரையாடலும் அங்கேதான். மேலறைகளில் உறக்கம். சில வீடுகளில் அங்கேயே கைத்தொழிலும் நடந்தது. மலகூடமும் துணி வெளுக்கும் கொட்டிலும் முற்றத்திலே எல்லாக் குடும்பங்களுக்கும் பொது.

பதினைந்தாம் முற்றத்தின் வீடுகள் 1802 தொடக்கம் 1831 வரையுள்ள காலத்திற் சிறிது சிறிதாக எழுந்தவை. கடிகார முட்கள் செய்த யூதக் குடும்பமொன்று அங்கு வாழ்ந்தது. பொம்மைகளுக்குக் கண்ணாடிக் கண் செய்த தொழிலாளியின் குடும்பம் வாழ்ந்தது. பூட்டுத் தொழிலாளர் குடும்பமொன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்த தையற்காரர் ஒருவர் தெருப்பக்கத்து அறைகளிற் கடை நடத்தினார். உலகின் பல மூலைகளும் அச்சிறு முற்றத்திற்கு வந்து சேர்ந்தன எனலாம்.

நோயும் நெருக்கமும் மிகுந்தமையால் 1876 இல் அந்நகரசபை இத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடுத்தது. நாடு முழுவதற்குமான தடை 1909 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஆனால் தடை புதிய வீடுகளுக்கேயன்றிப் பழையவற்றுக்கன்று. முதலாம் உலகப்போர் முடிந்த காலத்திலும் அந்நகரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் இத்தகைய வீடுகளிலேயே வாழ்ந்தனர். பின்னர் அவை படிப்படியாக இடிக்கப்பட்டன. பதினைந்தாம் முற்றத்தின் கடைசிக் குடியிருப்பாளர் 1966 இல் வெளியேறினர். தெருப்பக்கத்துக் கடைகள் நிலைத்தமையால் அக்கட்டடம் தப்பிற்று. 1988 இல் அது மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. திருத்தப்பெற்று 2004 இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1840கள், 1870கள், 1930கள், 1970கள் என நான்கு காலத்து வாழ்க்கையை அதன் நான்கு வீடுகள் காட்டுகின்றன.

இவ்வளவையும் வகுப்பிலே விளக்கி, கரும்பலகையில் வீட்டின் படத்தையும் வரைந்து முடித்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், இது எங்கள் லயந்தானே?" என்றான். சிலர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படிப்பவன் அவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முதுகுச் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம், வரிசைக்கெல்லாம் பொதுவான தண்ணீர்க் குழாய் என்று அவன் சொல்லச் சொல்ல, நான் வரைந்த படத்தின் உட்பொருளை அவனே எனக்கு விளக்குவதாக உணர்ந்தேன். பதினைந்தாம் முற்றம் கட்டி முடியுந் தறுவாயில், 1820களிலேதான், கம்பளைப் பக்கத்தில் முதற் கோப்பித் தோட்டங்களும் தோன்றின என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அவன் மேலும் ஒரு கேள்வி கேட்டான்: "அதை இடிப்பதல்லவா நல்லது? ஏன் காக்க வேண்டும்?"

உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. மறுநாட் சொன்னேன். பேர்மிங்காம் மக்கள் முதலில் வீடுகளை மாற்றினர். எஞ்சியதைப் பின்னர் நினைவாக்கினர். அந்த ஒழுங்கே முக்கியம். மனிதர் இன்னும் நெருக்குண்டு வாழும் அறையை மரபுரிமை என்று போற்றுதல் அறமாகாது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு, அங்கு வாழ்ந்தவரையும் மறந்துவிடுதலும் அறமாகாது. நம் நாட்டிலும் கம்பளைக்கு அண்மையிற் பழைய லயமொன்று 2007 இல் தோட்டத் தொழிலாளரின் அரும்பொருளகமாக்கப்பட்டது. நினைவுக்கு ஒரு லயம் போதும்; வாழ்வதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாற்புறமும் காற்று வரும் வீடு வேண்டும்.

அவன் சற்று யோசித்து, "அந்த ஒன்றிலே எங்கள் ஆச்சியின் அம்மிக்கல்லை வைக்கலாம், சேர்" என்றான். இம்முறை வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பெற்றோரே, உங்கள் பாட்டனார் வாழ்ந்த வீடு எத்தனை அறைகளை உடையது, அதன் கதவு எத்திசை நோக்கியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பவற்றை இன்று மாலை பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே, அதை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அரசரின் மாளிகையைக் காக்க அரசு உண்டு. எளியவரின் வீட்டைக் காக்க அவர்தம் பேரப்பிள்ளைகளே உண்டு.