'போல' என்ற ஒரு சொல்



சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் மருமகளின் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் ஒரு கட்டி. ரிப்போர்ட்டில் 'எபிதீலியாய்டு செல்கள்' என்று இருந்தது. யாரோ அதைப் புற்றுநோய் என்று சொல்லிவிட, வீட்டில் மூன்று நாளாக அழுகை. "நீங்கள் பிரெஞ்சு படித்தவராயிற்றே, இதற்கு என்ன அர்த்தம் சார்?" என்று கேட்டார்.

புதுச்சேரியில் நான் படித்த காலத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார், 'ஓயித்' என்று முடியும் சொல் வந்தால் 'போல' என்று எடுத்துக்கொள் என்பார். ஸ்ஃபெரோயித் என்றால் உருண்டை அல்ல, உருண்டை போன்றது. அதே கணக்குத்தான் இங்கும். தோலையும் குடலையும் மூடியிருக்கும் செல்கள் எபிதீலியம். அவற்றைப் போலப் பருத்து, நெருங்கி நிற்பவை எபிதீலியாய்டு. அது தோற்றத்தைச் சொல்லும் சொல். நோயின் பெயர் அல்ல.

காசநோய்க் கட்டியில் கிருமியோடு போராடும் வெள்ளணு வகைச் செல்களே உருமாறி இப்படித் தோன்றும். அந்தப் பெண்ணுக்கும் காசநோய்தான் என்று உறுதியாகி, மருந்து தொடங்கியாயிற்று.

ஆனால் இதே சொல் எங்கள் வீட்டில் வேறு விதமாக விளையாடியது. என் அக்கா மகனுக்கு விரலில் ஒரு சிறு கட்டி வந்து புண்ணானது. எடுத்துப் பார்த்ததில் நடுவே செத்த திசு, சுற்றிலும் எபிதீலியாய்டு செல்கள். காசநோய் வகை அழற்சி என்று எழுதி, எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். புண் ஆறவில்லை. வேறோர் ஊரில் அதே ஸ்லைடைக் காட்டியபோதுதான் அது எபிதீலியாய்டு சார்கோமா என்னும் புற்று என்று தெரிந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பையன் இன்று நலமாக இருக்கிறான்.

முதலில் பார்த்தவரை நான் திட்ட மாட்டேன். 1970-இல் என்சிங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 62 நோயாளிகளை ஆராய்ந்து இந்தப் புற்றைத் தனியாக அடையாளம் காட்டியபோதே, இது அழற்சியைப் போல ஏமாற்றும் என்றுதான் எழுதினார். பெரும்பாலும் இளவயதினரின் கையிலும் விரலிலும் மெதுவாக வளரும். கறுப்புப் புற்றான மெலனோமாவும், கல்நாருக்குப் பெயர்போன மீசோதீலியோமாவும் இதே வேஷம் கட்டுவதுண்டு.

வேஷத்தைக் கலைக்க இம்யூனோ சாயங்கள் இருக்கின்றன. கெரட்டின் சாயம் ஏறினால் அழற்சிச் செல் அல்ல என்ற சந்தேகம் வலுக்கும். ஐஎன்ஐ-1 என்ற புரதம் இந்தச் சார்கோமாவில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அழற்சிச் செல்லில் இருக்கும். மெலனோமாவுக்கு எஸ்-100 போன்றவை. ஆனால் இரத்தக்குழாய்ப் புற்று சிலவற்றிலும் கெரட்டின் ஏறும். ஆகவே ஒரு சாயத்தை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. நாலைந்தைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முப்பது வருடம் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் என் கருத்து இது. ஆபீசில் 'கையெழுத்து அவருடையது போல இருக்கிறது' என்று நோட் போட்டால் சூப்பரின்டெண்டென்ட் கோப்பைத் திருப்பி அனுப்புவார். மருத்துவத்திலும் 'போல' என்பது விசாரணையின் தொடக்கம், முடிவு அல்ல.

அக்கா மகனின் பரிசோதனைச் சீட்டில் 'விரல் கட்டி' என்று இரண்டே சொல் இருந்தன. வயது, எத்தனை மாதமாக இருக்கிறது, திரும்ப வந்ததா, ஒன்றும் இல்லை. விவரமில்லாத கோப்பை மேலே அனுப்பிவிட்டுச் சரியான உத்தரவு வரவில்லை என்று குறை சொல்லலாமா? சீட்டை முழுதாக நிரப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு வையுங்கள். மருந்துக்கு நோய் அடங்கவில்லை என்றால் அவற்றை வாங்கி இன்னொரு பாதாலஜிஸ்டிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, "இன்னும் சாயம் போட வேண்டும், ஒரு வாரம் ஆகும்" என்று லேபில் சொன்னால் சண்டை போடாதீர்கள். செலவும் உண்டு, கவலையும் உண்டு, நான் அனுபவித்தவன். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு வாரம் முதலிலேயே கிடைத்திருந்தால், எட்டு மாதம் வீணாகியிருக்காது.