அடையாள அட்டை நகல் ‘மேக’த்துக்குப் போன பிறகு யார் பொறுப்பு?

கடந்த ஆண்டு இறுதியில் அக்கா மகனை ஒரு டியூஷன் நிலையத்தில் சேர்க்கப் போனோம். இப்போதெல்லாம் பாரம் நிரப்புவது கைப்பேசியில்தான். புலனத்தில் ஓர் இணைப்பு வந்தது. பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, கட்டணக் கழிவு வேண்டுமானால் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து அதில் ஏற்றச் சொன்னார்கள். அக்கா ஏற்றினார். ஏற்றி முடித்துப் பார்த்தால், அதே கோப்புறையில் மற்றக் குடும்பங்களின் அடையாள அட்டைகளும் வரிசையாக இருந்தன. முன்பின் தெரியாதவர்களின் முகம், எண், வீட்டு முகவரி. இணைப்பு யார் கைக்குப் போனாலும் திறந்து பார்க்கலாம்.

நிலையப் பொறுப்பாளரை அழைத்துச் சொன்னேன். நல்ல மனிதர், மறைக்க எதுவும் முயலவில்லை. “கூகள் டிரைவ்லதான் இருக்கு தங்கச்சி, அது பாதுகாப்பாத்தான் இருக்கும்” என்றார்.

நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். தமிழில் ‘மேகம்’ என்று எழுதுகிறோம். அழகான சொல்தான், ஆனால் ஆளை ஏமாற்றுகிறது. ஆகாயத்தில் எதுவும் மிதக்கவில்லை. வேறொரு நிறுவனத்தின் கட்டடத்தில், அவர்களுடைய கணினியில், வாடகை இடத்தில் நம் ஆவணம் கிடக்கிறது. சிலாங்கூரில் எல்மினா என்றால் நம் மூத்தவர்களுக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இன்று அங்குள்ள தொழிற்பூங்காவைத்தான் கூகள் தன் தரவு மையத்துக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கட்டடத்துக்குக் காவல் போடுவது அவர்கள் வேலை. நம் கோப்புறையை யாருக்குத் திறந்துவிடுகிறோம் என்பது நம் வேலை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024இல் அது திருத்தப்பட்டு, அந்தத் திருத்தங்கள் 2025இல் மூன்று கட்டமாக அமலாகின. வணிக நடவடிக்கைக்காக நம் விவரத்தை வாங்கி, அதை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவரைச் சட்டம் தரவுக் கட்டுப்பாட்டாளர் என்கிறது. டியூஷன் நிலையம், கிளினிக், நகைக்கடை எல்லாம் இதில் அடங்கும். அவருக்காக அதை வைத்திருக்கும் மேகச் சேவை நிறுவனம், தரவைக் கையாளுபவர் மட்டுமே. முன்பு சட்டத்தின் பிடி முதலாமவர் மீதுதான் இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் பாதுகாப்புக் கடமை இரண்டாமவருக்கும் நேரடியாக உண்டு. அதனால் முதலாமவரின் சுமை குறைந்துவிட்டதாக எண்ணக் கூடாது. தான் அமர்த்திய நிறுவனம் போதிய பாதுகாப்பு உத்தரவாதம் தருகிறதா என்று பார்ப்பதும் அவர் கடமை. சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் அபராத வரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத் தண்டனை வரம்பு 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்துவிட்டன.

‘நான் வெளியில் கொடுத்துவிட்டேன், அவர்களைக் கேளுங்கள்’ என்ற பதில் எடுபடாது என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு பாடம் உண்டு. 2018இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்தில் ஊடுருவி, 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடினார்கள். கணினி அமைப்பை நடத்தியது வேறொரு நிறுவனம். 2019 ஜனவரியில் அந்த நிறுவனத்துக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. சிங்ஹெல்த்தும் தப்பவில்லை, அதற்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி.

இங்கே நமக்கு வேறு ஒரு நினைவு. 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களுக்குரிய விவரங்கள் கசிந்தன. ஒரு தொழில்நுட்ப இணையத்தளம் எழுதிய பிறகே நாட்டுக்குத் தெரிந்தது. 2025 ஜூன் 1 முதல் அப்படிப் பேசாமல் இருக்க முடியாது. கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும் பாதிப்பு வரக்கூடும் என்றால், அதன் பிறகு 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். ஆணையரிடம் சொல்லாமல் மறைத்தால் இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே.

அடையாள அட்டை எண்தானே, அதை வைத்து என்ன செய்துவிடுவார்கள் என்று கேட்பவர்கள் மக்காவ் ஸ்கேம் அழைப்பு வந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் சொல்பவன் முதலில் நம் பெயரையும் எண்ணையும் முகவரியையும் பிசகாமல் வாசிக்கிறான். அங்கேதான் நம் தைரியம் போகிறது.

அந்த நிலையத்தில் நான் மேலும் விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. கோப்புறை நிலையத்தின் பெயரில் இல்லை. முன்பு அங்கே கணக்கு எழுதிய ஒரு பெண்ணின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. 2015இல் வந்த தரவுப் பாதுகாப்புத் தர விதிகள் இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கின்றன. மேகச் சேவை வழியாகத் தனிநபர் தரவை அனுப்ப, மேலிடம் நியமித்த அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுப்பியதற்குப் பதிவு இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் அணுகலை நீக்க வேண்டும். 20,000 பேருக்கு மேல் தரவு வைத்திருப்போர், நோய், நிதி போன்ற விவரமானால் 10,000 பேருக்கு மேல் வைத்திருப்போர், தனி அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பது புதிய விதி. சிறு நிலையங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். மற்றக் கடமைகள் இருநூறு பிள்ளைகள் படிக்கும் நிலையத்துக்கும் உண்டு.

விரல் ரேகையும் முகப்பதிவும் இப்போது உணர்திறன் மிக்க தரவு. சில விலக்குகள் தவிர, வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அவற்றைக் கையாளக் கூடாது. வேலையிடத்தில் விரலை அழுத்தி வருகை பதியும் நம்மவர்கள், அந்தப் பதிவு எங்கே போகிறது என்று கிராணியிடம் கேட்பதில் தவறில்லை.

சட்டத்தில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உதவித்தொகைக்காக அரசு முகப்பில் நாம் கொடுக்கும் நகல் இதன் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. இன்னொன்று மொழி. விவரம் எதற்கு வாங்கப்படுகிறது என்ற அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். தமிழில் தரக் கூடாது என்று சட்டம் தடுக்கவில்லை, ஆனால் கட்டாயப்படுத்தவும் இல்லை. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த என் பாட்டி கிளினிக்கில் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தமிழ் வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கும் நம் கடைகளாவது ஒரு பக்கம் தமிழில் அச்சிடலாமே.

கேட்க உரிமை இருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். கொடுத்த ஒப்புதலையும் எழுத்தில் திரும்பப் பெறலாம். பதில் வராவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யலாம்.

அந்தப் பொறுப்பாளர் மறுநாளே முன்னாள் ஊழியரைத் தேடிப் பிடித்து இணைப்பை மூடிவிட்டார். அதற்கு முன் யார் யார் திறந்தார்கள், எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்று கேட்டேன். இலவசக் கணக்கில் அந்தப் பட்டியல் கிடைப்பதில்லை. “தெரியலையே தங்கச்சி” என்றார்.