அந்தக் காடு ஆருது?

பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து எங்க வீட்டு ஆசாரத்துல கால் வைக்க இடமில்லை. நாலுக்கு நாலு அடி தெர்மாகோல் பலகை ஒன்று நடுவில் கிடக்கிறது. அதன்மேல் 1815-ம் வருஷம் ஜூன் 18-ம் தேதி, பெல்ஜியத்து வாட்டர்லூ.

எல்லாம் என் சின்ன மச்சினன் செய்த வேலை. பெங்களூரில் இருந்து வரும்போது ரெண்டு பெட்டி பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கிட்டு வந்தான். ஒவ்வொண்ணும் ஓர் அங்குல உயரம். ஒரு பெட்டி நெப்போலியன் படை, இன்னொண்ணு வெலிங்டன் படை. "எந்த வெலிங்டன், நம்ம குன்னூர் வெலிங்டனா?"ன்னு பொண்ணு கேட்டா. அவரேதான். அந்த ஊருக்கு அவர் பேரைத்தான் வெச்சாங்க. வாட்டர்லூவுக்கு 16 வருஷம் முன்னால, 1799-ல, ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவுக்கு எதிரா வந்த படையில அவரும் இருந்தாரு.

இந்த விளையாட்டு ஒண்ணும் புதுசில்லை. 1812-ல் பிரஷ்யாவின் ராஜாவுக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் இப்படி ஒரு போர் மேஜை செய்து கொடுத்தார். 1824-ல் அவருடைய மகன் விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். படை அதிகாரிகள் அதை வைத்துப் பயிற்சி எடுத்தார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். பொம்மைச் சிப்பாய் விளையாட்டுக்கு அவர் விதிகள் எழுதி வெளியிட்டது 1913-ல். அடுத்த வருஷமே நிஜப் போர் வந்துவிட்டது.

"குழந்தைகளுக்குப் போரைப் போய் விளையாட்டாச் சொல்லித் தர்றீங்களே"ன்னு ஒரு சிநேகிதர் போனில் வருத்தப்பட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது. செல்போன் விளையாட்டில் செத்தவன் மூணு விநாடியில் எழுந்து வருகிறான். எங்க மேஜையில் செத்தவன் பிஸ்கட் டப்பாவுக்குப் போகிறான், அந்த ஆட்டம் முடியும்வரை வருவதில்லை. அவனை எடுத்துப் போடுவதும் நம்ம கைதான். பச்சைச் சட்டைக்காரர்கள் இருபது பேருக்கும் வர்ணம் பூசியது என் பொண்ணு. ஒரு ஆளுக்கு அரைமணி நேரம். முதல் ஆள் டப்பாவுக்குப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லித்தர வேண்டியது அதிலேயே பாதி முடிஞ்சுதுங்க.

முழுப் போரையும் விளையாட எங்ககிட்டப் படை கிடையாது. நெப்போலியனிடம் 73,000 பேர், வெலிங்டனிடம் 68,000 பேர், சாயங்காலமாக வந்து சேர்ந்த பிரஷ்யப் படை தனி. அதனால ஒரே ஒரு பண்ணையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பேர் லா ஹே சாந்த். புரூசெல்ஸ் போகிற ரோட்டோரத்தில் ஒரு வீடு, ஒரு களஞ்சியம், பழத்தோட்டம், சுற்றிலும் மதில். அதைக் காத்து நின்றது வெலிங்டன் பக்கத்து ஜெர்மன்காரர்கள், சுமார் 400 பேர். ஒரு பொம்மை இருபது ஆளுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் இருபது பச்சைச் சட்டை போதும். பிரெஞ்சுப் படை பையனுக்கு. அம்பயர் வீட்டம்மா. அவங்க தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

ஆட்டம் சுலபம். டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். அகலமாக வரிசை கட்டி நின்றால் நிறையத் துப்பாக்கி பேசும், ஆனால் நடை மெதுவு. ஒருவர் பின்னால் ஒருவராகப் பத்தியாக வந்தால் வேகம் உண்டு, பீரங்கிக் குண்டு ஒண்ணு விழுந்தால் நாலு பேர் காலி. குதிரைப்படை வந்தால் சதுரமாக நின்று நாலு பக்கமும் ஈட்டிமுனை காட்ட வேண்டும். அதே சதுரம் பீரங்கிக்கு நல்ல குறி.

ஆடு புலி ஆட்டத்தில் மண்ணுக்கு வேலை கிடையாது. இதில் மண்தான் பாதி ஆட்டம். 17-ம் தேதி மத்தியானத்தில் இருந்து ராத்திரி முழுக்க அங்கே அடைமழை. விடிஞ்சும் பீரங்கி நகரவில்லை. நிலம் கொஞ்சம் காயட்டும் என்று நெப்போலியன் காத்திருந்ததும் ஒரு காரணம், சண்டை ஆரம்பிக்கவே முற்பகல் 11 மணி தாண்டிவிட்டது. அந்தத் தாமதம்தான் பிரஷ்யப் படை வந்துசேர நேரம் கொடுத்தது. குண்டுகளும் தரையில் பட்டுத் தெறிக்காமல் சேற்றிலேயே புதைந்தன. கரிசல் மண்ணில் மழைக்கு மறுநாள் வண்டி ஓட்டிப் பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூணாவது நாள் ஆட்டத்தில்தான் என் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. தேங்காய் நாரை வெட்டி, கொத்துக் கொத்தாக ஒட்டிப் பயிர் வைத்திருந்தோம். நிஜத்தில் அங்கே நின்றது ரை, கோதுமைக்குப் பங்காளி மாதிரி ஒரு தானியம். நம்ம சோளத்தட்டு உயரத்துக்கு, ஆள் மறையும் அளவு வளர்ந்திருந்தது. அறுவடைக்குச் சில வாரம்தான் பாக்கி. பையன் அதன் வழியாகப் படையை ஓட்டிக்கொண்டு போனான்.

"ஏங்கண்ணு, அந்தக் காடு ஆருது?"

(எங்க பக்கம் காடு என்றால் வனம் இல்லீங்க, வெள்ளாமை நிலம்.)

"அது தடை நிலம் ஆத்தா. அதுல போனா பாதி வேகம்தான்."

"அது செரி சாமி. வெதச்சவன் ஆரு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. விதிப் புத்தகத்தில் பயிர் என்றால் மறைவு, வேகக் குறைவு, அவ்வளவுதான். விதைத்தவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

போன வருஷம் ஒரு ராத்திரி எட்டு மாடு எங்க சோளத்தில் பூந்து நாற்பது சென்ட்டைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. அந்தத் தட்டு எழவே இல்லை. அங்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல், கூடவே பல்லாயிரம் குதிரை. முந்தின ராத்திரி மழையில் நனைந்த சிப்பாய்கள் லா ஹே சாந்த் களஞ்சியத்தின் கதவைக் கழற்றி விறகாக எரித்துவிட்டார்கள். மறுநாள் அந்த வாசலை மூட அவர்களுக்கே கதவு இல்லை. சாயங்காலம் ஆறு மணிவாக்கில் தோட்டாவும் தீர்ந்து, பண்ணை கைமாறியது. ஒரே பகலில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 40,000-க்கு மேல்.

அதோடும் அந்த மண்ணை விடவில்லை. போர்க்களங்களின் எலும்பு இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து, அரைத்து உரமாக விற்கப்பட்டது என்று 1822-ல் பத்திரிகைச் செய்தி வந்தது. அதில் வாட்டர்லூ பேரும் இருந்தது. அத்தனை பேர் செத்த இடத்தில் இன்றுவரை கிடைத்த முழு எலும்புக்கூடுகள் மிகச் சிலதான். நானும் தென்னைக்கு எலும்புத்தூள் வாங்கிப் போட்டவன்தான். அதைப் படித்த அன்னிக்குச் சோறு இறங்கவில்லை. பிற்பாடு வெற்றிச் சின்னமாக 40 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்மேடு எழுப்பி, மேலே சிங்கச் சிலை வைத்தார்கள். 1826-ல் வேலை முடிந்தது. அதற்கான மண்ணும் அந்தக் காடுகளில் சுரண்டியதுதான்.

அதனால எங்க வீட்டில் ஒரு விதி சேர்த்தோம். மேஜையில் நாற்பது கொத்துப் பயிர். எந்தப் படை மிதித்தாலும் கொத்தைப் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் செத்த ஆளை எண்ணுகிற மாதிரி அதையும் எண்ண வேண்டும். இதுவரைக்கும் அதிகபட்சம் மிஞ்சியது பதினொன்று.

பையன் ஒருநாள் பிடிவாதமாக ரோட்டு வழியாகவே படையை நடத்தினான். பயிர் பிழைத்தது, பீரங்கியில் பாதிப் படை போனது. "பயிரைப் பார்த்தா ஆள் போறான், ஆளைப் பார்த்தா பயிர் போகுதுப்பா"ன்னான். உண்மைதான். சோளத்தட்டைக் காப்பாற்றுவதற்காக எந்தத் தளபதியும் ஆளைச் சாகவிட மாட்டான், விடவும் கூடாது. படை இறங்கிவிட்டால் அந்தக் காட்டுக்குத் தப்பிக்க வழியே கிடையாது என்பது அன்னிக்குத்தான் எனக்கே உறைத்தது. போர் வேண்டாம் என்று நான் பத்துத் தரம் சொல்லியிருந்தாலும் பையனுக்கு இப்படிப் புரிந்திருக்காது.

டவுனில் இருக்கிறவங்களுக்கு என் யோசனை ஒண்ணுதான். இந்த விளையாட்டைத் தாராளமாகப் பிள்ளைகளோடு விளையாடுங்க, பயப்பட வேண்டாம். ஆனால் ஜெயித்தது யாரு, தோற்றது யாரு என்பதோடு கணக்கை முடிக்காதீங்க. மிதிபட்ட காட்டுக்கும் ஒரு கிண்ணம் வையுங்க. வீட்டில் வயசானவங்க இருந்தா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்க. விதிப் புத்தகத்தில் இல்லாததை அவங்க கேட்பாங்க.

நாளைக்கு மறுபடியும் ஆட்டம் இருக்கு. இன்னிக்கு ராத்திரி நாற்பது கொத்தையும் திரும்ப ஒட்டி வைக்கணும். அந்த வேலையை அம்மா எடுத்துக்கிட்டாங்க.