மரியாதை வேறு, ஒலிவாங்கி வேறு

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதென்றாலும் பரவாயில்லை.

ஒரு கிழமையாக நம்முடைய வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதைதான். வயது போன ஓர் அறிவிப்பாளர் இனி ஒலிவாங்கியை விட வேண்டுமா, விடக் கூடாதா? பெயரை இங்கே எழுத மாட்டோம். எழுதினால் விஷயம் போய் ஆளைப் பற்றிய சண்டையாகிவிடும். "அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், மூச்சு இருக்கும் வரை அவரே இருக்கட்டும்" என்று ஒரு பக்கம். "கிழடுகள் இடத்தைக் காலி பண்ணட்டும்" என்று மற்றப் பக்கம். இரண்டு பேச்சும் பிழை. இரண்டாவது பேச்சின் மரியாதைக்கேடு எல்லோருக்கும் தெரிகிறது. முதலாவது பேச்சு அன்பு மாதிரித் தெரிவதால் யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. அதனால் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைக்க வேண்டியிருக்கிறது.

வானொலி வெறும் பொழுதுபோக்கு, யார் பேசினால் என்ன என்று கேட்பவர்கள் தலைமன்னாரில் வாழாதவர்கள். இங்கே கடலுக்குப் போகிறவனுக்கு வானிலை அறிவித்தல் ஒரு வரியில் மாறினால் உயிர் மாறும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அக்கரையில் தனுஷ்கோடியையே அழித்தது. இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் போன காலம் அன்றோடு முடிந்தது. அந்த நினைவுள்ள கரை இது. நோன்பு காலத்தில் வானொலியில் பாங்கு கேட்டு, நம் பகுதி நேர வித்தியாசத்தைக் கூட்டிக் குறைத்து நோன்பு திறந்த வீடுகள் எத்தனை? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தோம். சொந்தம் ஒரு பக்கம், அயலவர் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்த அந்தக் காலத்தில், யார் மௌத்தானார்கள், ஜனாஸா எங்கே என்பதை அறிய மரண அறிவித்தலுக்குக் காது கொடுத்தோம். அந்த அறிவித்தலில் தகப்பன் பெயர் ஒன்று மாறினால், ஒரு குடும்பம் வீணாக அழும். இன்னொரு குடும்பம் அழ வேண்டிய நேரத்தில் அறியாமல் இருக்கும்.

ஆகவே ஒலிவாங்கி ஓர் அமானிதம். அமானிதத்தை வைத்திருப்பவர் எவ்வளவு நல்லவர், எத்தனை வருடம் உழைத்தார் என்பது ஒரு கேள்வி. அந்த அமானிதம் இன்றைக்கு அவர் கையில் பத்திரமாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் மரியாதை. அந்த மரியாதையை இரண்டாவது கேள்விக்கும் பதிலாகக் கொடுப்பதுதான் நம் ஊரில் நடக்கிறது.

"அவரைப் போல் இனி ஒருவர் வர மாட்டார்" என்கிறார்கள். சரி, வரலாற்றைப் பார்ப்போம்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பரில். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயர் வந்தது 1967இல். இடையில் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் கட்டுப்பட்டுக் கிடந்தன. அவரைப் போல் ஒருவர் வர மாட்டார் என்றுதான் அன்றும் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான், அவரைப் போல் யாரும் வரவில்லை. கே. எஸ். ராஜா வந்தார், வேறு மாதிரி. ராஜேஸ்வரி சண்முகம் வந்தார், வேறு மாதிரி. பி. எச். அப்துல் ஹமீத் வந்தார், அவரும் வேறு மாதிரி. ஒருவர் இன்னொருவரின் நகலாக இருந்திருந்தால் இன்றைக்கு நாம் இத்தனை பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பொற்காலத்தை உண்டாக்கியவர்கள் அன்றைக்கு இளைஞர்கள். 1952இல் இந்தியாவின் அரச வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது, அந்த நேயர்களை அள்ளிக்கொண்டது இலங்கை வானொலி. அதே ஆண்டு டிசம்பரில் பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி இலங்கை வானொலியில் தொடங்கியது. அதைப் பம்பாயில் பதிவு செய்து அனுப்பியவர் அமீன் சயானி. அன்று அவருக்கு இருபது வயது நிறையவில்லை. பெயரும் புகழும் உள்ள ஆளைத்தான் போடுவோம் என்று அன்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால், தெற்காசியா முழுவதும் அறிந்த அந்தக் குரல் பிறந்தே இருக்காது. அப்துல் ஹமீதும் ஒரே நாளில் அறிவிப்பாளர் ஆசனத்தில் உட்கார்ந்தவர் இல்லை. சிறுவர் நிகழ்ச்சியில் பிள்ளையாகக் குரல் கொடுத்து, வானொலி நாடகங்களில் நடித்து, மூத்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவர். பழைய இலங்கை வானொலியை நினைத்துக் கண் கலங்குகிறவர்கள் அதன் குரல்களை நினைக்கிறார்கள். அந்தக் குரல்களை உண்டாக்கிய பழக்கத்தை நினைப்பதில்லை. சின்ன வயதிலேயே ஒலிவாங்கியைக் கொடுப்பதுதான் அந்தப் பழக்கம்.

அடுத்த வாதம்: "இப்போதைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாயில் வராது. லகர ளகர வித்தியாசம் தெரியாது. பாதி ஆங்கிலம்."

வகுப்பறையில் நிற்பவர்கள் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது. ழகரம் வராத பிள்ளைக்கு மூன்று மாதம் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கக் கொடுத்தால் வரும். கொடுக்காவிட்டால் முப்பது வருடம் போனாலும் வராது. பரிசளிப்பு விழா, மீலாத் விழா, விளையாட்டுப் போட்டி எதை எடுத்தாலும் மேடையில் அதே இரண்டு மூன்று மூத்த குரல்கள்தான். "விழா பிசகக் கூடாது" என்பது காரணம். பிசகாத விழாவைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, அடுத்த நாள் "இளையவர்களுக்குப் பேச வராது" என்று கவலைப்படுவது என்ன நியாயம்? நீந்தத் தெரிந்த பிறகு கடலில் இறங்கு என்று எந்த மீனவ வாப்பாவும் மகனுக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று இறக்கி விடுகிறார்.

சரி, எப்போது விட வேண்டும்? ஒரு வயதைச் சட்டமாக்கினால் முடிந்துவிடுமா?

அரச சேவையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஓய்வு வயது 60 என்று இருந்தது. 2022 தொடக்கத்தில் 65 ஆக்கினார்கள். அதே ஆண்டிலேயே மனதை மாற்றி மறுபடி 60 என்றார்கள். அறுபதைத் தாண்டியிருந்தவர்கள் 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். முப்பது வருட அனுபவத்தைப் பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு எவ்வளவு அவகாசம் இருந்தது? எண்ணைக் கூட்டுவதும் குறைப்பதும் பணத்தை வைத்துப் போட்ட கணக்கு. கையளிப்பு அந்தக் கணக்கில் இல்லை. வயது எண் அவசியம்தான், அது இல்லாவிட்டால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். ஆனால் எண் மட்டும் போதாது.

எண் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அலிஸ்டர் குக் என்பவர் 1946இல் பிபிசி வானொலியில் "அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்" என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். வாரா வாரம் 58 ஆண்டுகள் பேசினார். 2004 மார்ச் தொடக்கத்தில், 95 வயதில், வைத்தியர்கள் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். அந்த மாத முடிவில் இறந்தும் போனார். அவர் போனதோடு அந்த நிகழ்ச்சியும் முடிந்தது. எவ்வளவு பெரிய சாதனை என்று உலகம் வியந்தது, வியக்க வேண்டியதுதான். எங்களுக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: 58 ஆண்டு ஓடிய ஒரு நிகழ்ச்சி அடுத்த ஆளிடம் போகாமல் அவரோடு நின்றது. பிபிசிக்கு அது தாங்கும், நூறு நிகழ்ச்சி இருக்கிறது. நம்மைப் போன்ற சின்னச் சமூகத்துக்கு வானொலியில் கிடைப்பதே கொஞ்ச நேரம். அது ஒரு மனிதரின் தொண்டையோடு கட்டுப்பட்டிருந்தால், அந்தத் தொண்டை அடைக்கிற நாளில் நமக்கு ஒன்றும் மிஞ்சாது.

நம் மார்க்க வரலாற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. பிலால் (ரழி) அவர்களின் குரலை விடச் சிறந்த குரல் பாங்குக்கு எது? நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பிறகு மதீனாவில் தொடர்ந்து பாங்கு சொல்ல அவர்களின் மனம் இடம் கொடுக்கவில்லை, ஷாம் தேசம் போனார்கள் என்று படித்திருக்கிறோம். பிலாலின் குரல் இல்லையே என்று மதீனாவில் பாங்கு நிற்கவில்லை. வேறு ஒருவர் ஏறிச் சொன்னார், மக்கள் தொழுதார்கள். மூத்த ஸஹாபாக்கள் இருந்த படைக்கு இருபதை ஒட்டிய வயதுள்ள உஸாமாவைத் தளபதியாக்கியபோதும் முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுப்புக்காக நியமனம் மாறவில்லை. நம் கத்தோலிக்க அயலவர்களுக்கும் இது புதிய கதையில்லை. 2013 பெப்ரவரியில் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட், உடல் பலம் போதவில்லை என்று தானே சொல்லிப் பதவியை விட்டார். இறக்கும் வரை இருக்கலாம் என்ற ஆசனத்திலிருந்தே ஒருவர் எழும்பலாம் என்றால், ஒலிபரப்புக் கூடத்துக் கதிரையிலிருந்து எழும்புவது எப்படிக் குறைவாகும்?

இனி, யாரும் கதைக்க விரும்பாத ஒரு விஷயம். காசு.

பல அறிவிப்பாளர்கள் நிரந்தர ஊழியர்கள் இல்லை. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று வாங்கும் பகுதிநேரக்காரர்கள். நிகழ்ச்சி இல்லாவிட்டால் வருமானம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. "எப்போது போகப் போகிறீர்கள்" என்று அவர்களிடம் கேட்பது, "எப்போதிலிருந்து சாப்பிடாமல் இருக்கப் போகிறீர்கள்" என்று கேட்பது போல. காலி பண்ணட்டும் என்று எழுதுகிற தம்பிமார் இதை யோசிக்க வேண்டும். மூச்சு உள்ளவரை இருக்கட்டும் என்று எழுதுகிற பெரியவர்களும் யோசிக்க வேண்டும். மருந்துச் செலவுக்காக ஒரு மனிதர் இருமிக்கொண்டு வாசிப்பதைக் கேட்டுவிட்டு "என்ன கம்பீரம்" என்று இதயப் படம் போடுவது மரியாதையா?

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

நிலையங்களை நடத்துபவர்களே, மூத்தவர் விலகும் நாளை இரண்டு வருடம் முன்பே அவரோடு இருந்து பேசித் தீர்மானியுங்கள். அந்த இரண்டு வருடமும் அவருக்குப் பக்கத்தில் ஓர் இளையவர் இருக்கட்டும். முதலில் நேரம் சொல்லட்டும், பிறகு அறிவித்தல் வாசிக்கட்டும், பிறகு அரை நிகழ்ச்சி, பிறகு முழு நிகழ்ச்சி. விலகிய பிறகு மூத்தவரைப் பயிற்சி கொடுப்பவராகச் சம்பளத்தோடு வைத்திருங்கள். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடுவதோடு கடமை முடியாது.

மூத்தவர்களே, உங்களிடம் பணிவாக ஒரு வேண்டுகோள். பெயர்கள் தடுமாறத் தொடங்கும்போது, எழுத்து மங்கும்போது, மூச்சு வாங்கும்போது, அது முதலில் உங்களுக்குத்தான் தெரியும். நேயர் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். போகிற நாளைத் தானே குறிப்பவரை ஊர் வாசல் வரை வந்து வழியனுப்பும். பிறர் குறிக்கும் வரை இருப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

நேயர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. புதுக் குரல் வந்த முதல் கிழமையே "பழையவர் மாதிரி இல்லை" என்று எழுத வேண்டாம். ஒரு வருடம் பொறுங்கள். பிழையைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள், நல்லதை எல்லோர் முன்னும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் அதிபர்மாருக்கும் கடைசியாக ஒன்று. அடுத்த விழாவுக்கு அறிவிப்பாளராக ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்துங்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பிசகும். பிசகட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கட்டும்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். யாருடைய பெயரையும் இழுக்காமல் எழுதுங்கள். வஸ்ஸலாம்.